விவேக் எக்ஸ்பிரஸா, ஹிம்சாகர் எக்ஸ்பிரஸா?

திருகோணமலையில் ஏறினால் 300 கிலோமீற்றருக்குள் கொழும்புக் கோட்டை வந்துவிடும். ஓர் இரவுத் தூக்கம், அவ்வளவுதான். ஒரு பெரிய நாட்டை ரயிலிலேயே கடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தியாவில் இரண்டு நல்ல வழிகள் உண்டு. இரண்டும் கன்னியாகுமரியில் புறப்படுகின்றன. விவேக் எக்ஸ்பிரஸ் அஸ்ஸாமின் திப்ருகர் வரை சுமார் 4,200 கிலோமீற்றர் ஓடுகிறது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு பகுதியின் கட்ரா வரை ஏறக்குறைய 3,800 கிலோமீற்றர். எதில் போனாலும் மூன்று நாள் ரயில்தான் வீடு.

கேரளம், கோயம்புத்தூர், சேலம், காட்பாடி, விஜயவாடா வரை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பாதை. இரண்டுமே சென்னைக்குள் போவதில்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

விஜயவாடாவில் பாதை பிரிகிறது. ஹிம்சாகர் நாக்பூர், போபால், ஆக்ரா, டில்லி என்று நடு இந்தியாவை ஊடறுத்து ஏறுகிறது. சம்பல் ஆற்றின் மண் பள்ளத்தாக்குகள் பார்க்க வேண்டியவைதான். கட்ராவை அடுத்த வைஷ்ணவ தேவி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் டில்லிதான் நோக்கம் என்றால், இதைவிட வேகமான ரயில்கள் கேரளத்திலிருந்தே இருக்கின்றன. இதுவோ வாரத்துக்கு ஒரு தடவை மட்டும்.

என் தேர்வு விவேக். கோதாவரியை ராஜமுந்திரியில் கடக்கிறது. ஏறக்குறைய 3 கிலோமீற்றர் அகல ஆறு. நடு இரவானாலும் எழுந்து கதவுப் பக்கத்து ஜன்னலுக்கு வாருங்கள். இரும்புப் பாலத்தின் ஓசை மாறியதும் பயணிகள் கைகூப்பி, ஆற்றில் நாணயம் எறிவார்கள். ஒடிசாவில் சிலிகா ஏரியின் கரையோரமாகவே தண்டவாளம் போகிறது. திருகோணமலைக்கு அருகே சீனக்குடாப் பக்கம் ரயிலில் வந்து பழகிய கண்ணுக்கு அந்த உப்புநீர்ப் பரப்பு அந்நியமாகத் தெரியாது. பிறகு ஃபராக்காவில் கங்கை, குவாஹாத்திக்கு முன் பிரம்மபுத்திரா, கடைசியில் தேயிலைத் தோட்டங்கள்.

நிலையப் பலகைகளையும் பாருங்கள். மும்மொழிப் பலகை நமக்குப் புதிதில்லை. ஆனால் விவேக்கின் வழியில் மலையாளம், தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளம், அஸ்ஸாமியம் என்று எழுத்து மாறிக்கொண்டே வருகிறது. ஹிம்சாகரில் நாக்பூர் தொடங்கிப் பஞ்சாப் எல்லை வரை தேவநாகரிதான்.

வயதானவர்கள் இருந்தால் மூன்றடுக்கு ஏசியில் கீழ்ப் படுக்கை எடுங்கள். நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம். பகலில் நடுப் படுக்கைக்காரரும் கீழேதான் உட்கார வேண்டும். இளையவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பே மேல், அங்கே ஜன்னலைத் திறக்கலாம். முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. ஒக்டோபர், நவம்பரில் ஆந்திர, ஒடிசாக் கரைக்குப் புயல் வரும். டிசெம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டம் ரயில்களை மணிக்கணக்கில் தாமதிக்கும். பெப்ரவரியில் போங்கள்.