ஐபிஎல் சீசன் முழுக்க நம்பிக்கையும் பயமும்: வின் ப்ராபபிலிட்டியும் நெட் ரன்ரேட்டும் எவ்வளவு உதவும்?

முதல் ஓவரில் விக்கெட் விழுந்ததும் "முடிஞ்சுது, டிவியை ஆஃப் பண்ணு" என்று எழுந்து போகிறவர் ஒரு ரகம். 12 பந்தில் 43 ரன் வேண்டும் என்றாலும் "இன்னும் தல இருக்காரு" என்று நகராமல் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு ரகம். சிஎஸ்கே ரசிகர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்த இருவரும் உண்டு. யார் சரி என்ற சண்டை ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகத் தொடங்கும்.

இருவர் கையிலும் இருக்கும் கருவிகள் ஒன்றுதான்: திரையின் அடியில் ஓடும் வின் ப்ராபபிலிட்டி பட்டை (ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டுவது), பாயிண்ட்ஸ் டேபிள், அதில் ஒரு கட்டத்தில் இருக்கும் நெட் ரன்ரேட் (ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்). பல சீசன்களாக இவற்றோடு பழகியதில் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சீசனின் முதல் பாதியில் கணக்கு பெரும்பாலும் நம்பிக்கைக்காரர் பக்கம் நிற்கிறது. கடைசி மூன்று ஆட்டங்களில் அது சந்தேகப்படுகிறவர் பக்கம் சாய்கிறது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் ஏப்ரலில் வீணாக மனம் உடைகிறார்கள், மே மாதம் வீணாக ஏமாறுகிறார்கள்.

பட்டையிலிருந்து தொடங்குவோம். இந்த வகைக் கருவிகள் பழைய ஆட்டங்களின் ஸ்கோர், மிச்சமிருக்கும் பந்து, கையிலிருக்கும் விக்கெட் ஆகியவற்றை வைத்துச் சதவீதம் சொல்கின்றன. நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்த வாஸ்ப் என்ற கருவி, சராசரியான ஒரு பேட்டிங் அணி சராசரியான ஒரு பவுலிங் அணியோடு ஆடினால் என்ன ஆகும் என்பதைத்தான் கணித்தது. பிறகு வந்தவற்றில் சில, ஆடுகிறவர் யார் என்பதையும் சேர்க்கின்றன. ஆனாலும் சேப்பாக்கத்தில் பந்து நின்று வரத் தொடங்கிவிட்டதா, பனி இறங்கிவிட்டதா என்பது அதற்குத் தாமதமாகத்தான் தெரியவரும். சேப்பாக்கத்தில் 150 எடுத்த அணிக்கு இடைவேளையில் பட்டை காட்டும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சோர்ந்துவிட வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் 5 சதவீதத்தை நாம் பூஜ்ஜியமாகப் படிப்பது. ஒரு சீசனில் லீக் ஆட்டங்கள் மட்டும் 70. அநேகமாக ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு அணி 5 சதவீதத்துக்கு இறங்கும். கருவியின் கணக்கு சரியென்றால் அவற்றில் மூன்று நான்கு ஆட்டங்கள் திரும்பியே ஆக வேண்டும். திரும்பவில்லை என்றால்தான் கருவியில் கோளாறு. 2012 ஏப்ரல் 12 அன்று பெங்களூருக்கு எதிரான சென்னையின் 206 ரன் சேஸிங்கில் கடைசி 2 ஓவருக்கு 43 வேண்டியிருந்தது. கோலி வீசிய 19வது ஓவரில் ஆல்பி மார்க்கல் 28 ரன் அடித்தார், கடைசிப் பந்தில் ஆட்டம் முடிந்தது. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்துக்கு 10 வேண்டும் என்றபோது மோகித் சர்மாவை ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை எடுத்தார். இவற்றை அதிசயம் என்று கொண்டாடுவதில் தப்பில்லை. ஆனால் 5 சதவீதம் என்ற எண்ணுக்குள் இவையும் அடக்கம்.

பயன்பாட்டுக்கு ஒரே ஒரு அறிவுரை: பட்டையை ஓவருக்கு ஒருமுறை பாருங்கள், பந்துக்குப் பந்து பார்க்காதீர்கள். ஒரு டாட் பால் 4 சதவீதம் குறைக்கும், அடுத்த ஃபோர் 6 சதவீதம் ஏற்றும். அந்த ஏற்ற இறக்கத்தில் தகவல் குறைவு, பதற்றம்தான் அதிகம். ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள் ஸ்கோர் ஆப்பின் விக்கெட் அறிவிப்பையும் அணைத்து வைப்பது நல்லது. படம் சில நொடிகள் பின்தங்கி வரும். பவுலர் ஓடி வரும்போதே போன் அதிர்ந்துவிட்டால், அந்தப் பந்தைப் பார்ப்பதற்கே மனசு வராது.

அடுத்தது பாயிண்ட்ஸ் டேபிள். இதில் முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். பத்து அணிகள் ஆடத் தொடங்கிய 2022 முதல் 2025 வரை நான்காம் இடம் பிடித்த அணிகளின் புள்ளிகள் வரிசையாக 16, 16, 14, 16. இந்த நான்கு சீசன்களிலும் 16 எடுத்த எந்த அணியும் வெளியே போகவில்லை. ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, எனவே 8 வெற்றி என்பதை இலக்காக வைத்து, மிச்சமுள்ள ஆட்டங்களில் எத்தனை ஜெயிக்க வேண்டும் என்று பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் காசு சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால், 14 ஆட்டத்தில் 7 முடிந்த நிலையில் 4 வெற்றி இருந்தால் வாய்ப்பு 50 சதவீதம். 3 வெற்றி இருந்தால் மீதி ஏழில் ஐந்து வேண்டும், ஏறத்தாழ 23 சதவீதம். 2 வெற்றி மட்டும் என்றால் ஏழில் ஆறு வேண்டும், சுமார் 6 சதவீதம், அதாவது பதினாறில் ஒன்று. "கால்குலேட்டரை எடுத்தாச்சா?" என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு இந்த மூன்று எண்களைக் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழு ஆட்டத்தில் இரண்டு வெற்றி என்ற அதே நிலையில் சிஎஸ்கே பலமுறை நின்றிருக்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். 2010இல் முதல் ஏழில் ஐந்து தோல்வி. பிறகு ஏழில் ஐந்தை ஜெயித்து 14 புள்ளியோடு மூன்றாவதாக நுழைந்து, மும்பையை இறுதியில் வீழ்த்திக் கோப்பை எடுத்தது. அந்த வருடம் சென்னை, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா நான்குமே 14 புள்ளி. பிரித்தது நெட் ரன்ரேட். தர்மசாலாவில் இர்ஃபான் பதானின் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும் என்ற நிலையில் தோனி அடித்த இரண்டு சிக்ஸர் இல்லாவிட்டால் அந்தக் கணக்குப் பார்க்கவே வேலை இருந்திருக்காது. 2025இலும் முதல் ஏழில் இரண்டு வெற்றிதான். ஆனால் அந்த சீசன் முடிந்தது பத்தாவது இடத்தில், நான்கே வெற்றிகளோடு. அணியின் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம்.

டேபிளில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிலைகளும் உள்ளே வேறு வேறு. 2010இன் அந்த ஐந்து தோல்விகளில் ஒன்று பஞ்சாப்போடு டை ஆகி சூப்பர் ஓவரில் போனது. 2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் சென்னை 20 ஓவரில் 103, கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்தது. ஓவருக்கு 5.15 எடுத்து 10.52 கொடுத்த ஆட்டம். தோல்விகளை எண்ணாதீர்கள், எவ்வளவில் தோற்றார்கள் என்று பாருங்கள் என்பது இதனால்தான். பத்து ரன்னுக்குள், கடைசி ஓவரில் போன தோல்விகள் அடுத்த பாதியில் திரும்பக்கூடியவை. சொந்த மண்ணில் ஐந்து ஓவருக்கு மேல் மிச்சம் வைத்துத் தோற்கடிக்கப்பட்டால் அது அணியின் கட்டமைப்பில் உள்ள குறை. அங்கே கவலைப்படுகிறவரை "நெகட்டிவ்" என்று அடக்குவது நியாயமில்லை.

நம்பிக்கை ஏன் இப்படிக் கணக்கை மீறி நீள்கிறது என்பதற்கு ஆய்வும் உண்டு. கேட் மேஸி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்தது. வாராவாரம் முடிவுகளைப் பார்த்த பிறகும், சரியாகக் கணித்தால் பணம் என்றபோதும், தங்கள் அணிக்கான எதிர்பார்ப்பு தேவைக்கு அதிகமாகவே நின்றது. அனுபவம் தானாகத் திருத்தாது. எண்ணை எழுதி வைத்துத்தான் திருத்த வேண்டும்.

இனி நெட் ரன்ரேட். பயன்படுத்துகிறவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் வந்த நெட் ரன்ரேட்டைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியான விடை வராது. 18.4 ஓவர் (18 ஓவர், 4 பந்து) என்பதைக் கால்குலேட்டரில் 18.667 என்று போட வேண்டும், 18.4 என்று போடக் கூடாது. 15 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவர் என்றே கணக்கு. மழையில் கைவிடப்பட்ட ஆட்டம் கணக்கிலேயே வராது. மழையால் ஓவர் குறைந்து டக்வொர்த் முறையில் இலக்கு மாறினால், முதலில் ஆடிய அணிக்கு மாறிய இலக்கில் ஒன்று குறைத்து, இரண்டாவது அணிக்குக் கிடைத்த ஓவர்களில் எடுத்ததாக எழுதுவார்கள்.

கடைசி லீக் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் ஒரு குறுக்கு வழி உண்டு. இருவருக்கும் தலா 13 ஆட்டம் முடிந்திருந்தால், நெட் ரன்ரேட் வித்தியாசத்தை 130ஆல் பெருக்குங்கள். முதலில் ஆடி எத்தனை ரன்னில் ஜெயித்தால் பின்னால் இருப்பவர் முந்துவார் என்பது ஏறத்தாழ வந்துவிடும். சென்னையும் பெங்களூருவும் நான்காம் இடத்துக்காக மோதிய 2024 மே 18 ஆட்டத்துக்கு முன் சென்னை 0.528, பெங்களூரு 0.387. வித்தியாசம் 0.141. 130ஆல் பெருக்கினால் 18.3. பெங்களூரு 218 எடுத்த பிறகு, சென்னை தோற்றாலும் 201 எடுத்தால் போதும் என்று அறிவித்தார்களே, அந்தக் கணக்கு இதுதான். அந்த 201ஐத் தொட கடைசி ஓவரில் 17 வேண்டியிருந்தது. யஷ் தயாளின் முதல் பந்தை தோனி சிக்ஸருக்கு அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட். அந்த ஓவரில் வந்தது 7 ரன், சென்னை 191இல் நின்றது. இறுதியில் பெங்களூருவின் 0.459க்கு எதிராக சென்னை 0.392.

அந்த இரவு பெங்களூரு ரசிகர்கள் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். முதல் எட்டில் ஒரே வெற்றி, மிச்சம் ஆறு. ஆறையும் ஜெயிப்பது, பாதிக்குப் பாதி கணக்கில், அறுபத்து நான்கில் ஒன்று. ஜெயித்தார்கள். அப்போதும் நெட் ரன்ரேட் இல்லாமல் உள்ளே வரவில்லை. சென்னை பக்கம் ஏழு வெற்றி ஆனதுமே "குவாலிஃபை ஆயாச்சு" என்று தளர்ந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 14 புள்ளி என்பது வாசல் வரைதான் கூட்டிப் போகும்.

எதிராளி தன் 14 ஆட்டத்தையும் முடித்துவிட்டு, நம் அணி வேறொரு அணியோடு ஆடுகிறதென்றால் 130 வேலைக்கு ஆகாது. எதிராளியின் நெட் ரன்ரேட்டை 14ஆல் பெருக்குங்கள், நம்முடையதை 13ஆல் பெருக்கிக் கழியுங்கள், வருவதை 20ஆல் பெருக்குங்கள். அவர்கள் 0.200, நாம் 0.050 என்றால் 2.80இல் 0.65 போக 2.15, அதாவது 43 ரன் வெற்றி வேண்டும்.

சேஸிங் என்றால் இதை அப்படியே ஓவராக மாற்றக் கூடாது. எதிரணி 160 எடுத்தால் அவர்கள் ரன்ரேட் 8.00. நமக்கு 10.15 வேண்டும், 161ஐ 15.5 ஓவரில் எடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சீக்கிரம் முடித்தால் ஆடிய ஓவரும் குறைகிறது. குறைந்த ஓவர் மொத்தக் கணக்கை அவ்வளவாக அசைக்காது. அதுவரை ஓவருக்கு 8.50 எடுத்திருக்கும் அணிக்குச் சரியான விடை 15.0 ஓவர். ஐந்து பந்து வித்தியாசம். எனவே சேஸிங்கில் மொத்த ரன், மொத்த ஓவர் போட்டு முழுக் கணக்கே செய்யுங்கள்.

இன்னொன்று, எந்த ஷாட்டில் ஆட்டம் முடிகிறது என்பதும் சேர்த்திதான். 2014 மே 25, வான்கடே. ராஜஸ்தான் 189. நெட் ரன்ரேட்டில் ராஜஸ்தானை முந்தி நான்காம் இடம் பிடிக்க மும்பை 14.3 ஓவருக்குள் 190 எடுக்க வேண்டும். 14.3இல் ராயுடு ரன் அவுட், ஸ்கோர் சமம், வாய்ப்பு போய்விட்டதென்று மைதானத்திலேயே பலர் நினைத்தார்கள். ஆனால் 14.3 என்பது 190இல் முடிந்தால் மட்டும். அடுத்த பந்தில் பவுண்டரி வந்தால் மொத்தம் 193 அல்லது 195 ஆகிவிடும், அது போதும். ஃபாக்னர் வீசிய ஃபுல் டாஸை ஆதித்ய தாரே சிக்ஸருக்கு அடித்தார். ஆகவே கடைசி நாளில் காகிதத்தில் மூன்று எண்கள் எழுதி வையுங்கள்: ஒரு ரன்னில் முடிந்தால் எந்தப் பந்துக்குள், ஃபோரில் முடிந்தால் எந்தப் பந்துக்குள், சிக்ஸரில் முடிந்தால் எந்தப் பந்துக்குள்.