வெள்ளவத்தையில் மிருதங்கம் பழகுகிறேன்: ஆறு மாத அனுபவம்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதில் கோவில் கச்சேரிகளில் மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் போய் இருந்தே வளர்ந்தவன், பழகத்தான் வாய்க்கவில்லை. கொழும்பில் மிருதங்க வகுப்புக்குக் குறைவில்லை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று விசாரித்தால் யாராவது ஒருவர் கையைக் காட்டுவார். ஆனால் முக்கால்வாசியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கும் என்றே நடக்கின்றன. ஓரிடத்தில் "பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டார்கள், எனக்குத்தான் என்றதும் பிறகு சொல்கிறோம் என்றவர்கள் சொல்லவே இல்லை. அதனால் என்னைப் போல பெரிய ஆளாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் போகும் வகுப்பு காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டு மேல்மாடியில் நடக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று சேர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம், மாதம் நாலாயிரம் ரூபாய்.

முதல் நாலு கிழமையும் மிருதங்கத்தைத் தொடவே விடவில்லை. ஆதி தாளம் மட்டும்தான். ஒரு தட்டு, பிறகு சின்ன விரல், மோதிர விரல், நடுவிரல், அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, மொத்தம் எட்டு. கை அதைப் போட்டுக்கொண்டிருக்க வாய் 'தகதிமி' சொல்ல வேண்டும், முதலாம் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு எழுத்து, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கேட்கச் சுலபமாக இருக்கும். மூன்றாம் காலத்திலிருந்து திரும்ப முதலாம் காலத்துக்கு இறங்கிப் பாருங்கள், கை வாயோடு சேர்ந்து தானும் மெதுவாகிவிடும். மூன்றாம் கிழமை எனக்குப் பொறுமை போய், எப்போது வாசிக்கத் தொடங்குவது என்று கேட்டேவிட்டேன். "வாயில் வராதது கையில் வராது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி முதலாம் காலத்திலிருந்து தொடங்கினார். அதன் பிறகு கோட்டையிலிருந்து வீடு திரும்பும் 100 இலக்க பஸ்ஸில் தொடையில் தாளம் போட்டபடியே வரப் பழகினேன். ஐந்தாம் கிழமை மிருதங்கத்துக்கு முன்னால் இருந்தபோது விரல்தான் திணறியது, கணக்குத் தப்பவில்லை. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாலு கிழமைதான், அப்போது கோபம் வந்ததும் அதில்தான்.

இன்னொன்று, நான் இடதுகைக்காரன். வலக்கையாலேயே பழகச் சொல்லுவார்களோ என்று பயந்திருந்தேன். சேர் எதுவும் பேசாமல் மிருதங்கத்தைத் திருப்பி வைத்தார், வழக்கமாக வலக்கை வாசிக்கும் முகமான வலந்தலை என் இடக்கைக்கு வந்தது. மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இடதுகைக்காரர்தான், அவர் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள் என்றார். அன்றிரவே கேட்டேன். மற்ற முகமான தொப்பியிலிருந்து வந்த அந்தக் கும்காரத்தைக் கேட்ட பிறகு கையைப் பற்றிய கவலை எனக்கு இல்லை.

முதல் பாடம் 'த தி தொம் நம்'. நான்கிலும் 'நம்' ஒன்றுக்கே எனக்கு ஒன்றரை மாதம் போயிற்று. மோதிர விரலை, வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான சாதத்தின் ஓரத்தில் வைத்தும் வைக்காததுமாக விட்டு, சுட்டுவிரலால் விளிம்பை வெட்ட வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுத்தினாலும் ஒலி செத்துவிடும், எடுத்துவிட்டால் சுருதி கலங்கும். சேர் எதிரே இருந்து என் மோதிர விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக விழுந்த அன்று, அறை மூலையில் ஓடிக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியோடு ஒலி போய் ஒட்டிக்கொண்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை, அவர் தலையை ஆட்டினார்.

ரவை வைப்பதையும் மிருதங்கத்தைத் தொடும் முதல் நாளே நம் கையாலேயே செய்ய வைக்கிறார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பி, விரலை நனைத்து நனைத்து ஓரத்தைத் தடவிவிட வேண்டும். வைக்க முதல் தட்டினால் 'டப்' என்று வெறும் தோல் சத்தம், வைத்த பிறகு அதே தட்டு அடிவயிற்றில் கேட்கும். வாசித்து முடிந்ததும் சுரண்டித் துடைக்காமல் யாரும் எழும்ப முடியாது. காய விட்டால் தோலுக்குக் கேடு, பூச்சியும் வரும்.

குறையும் இருக்கிறது. ஒரே அறையில் ஒன்பது பேர், ஆளாளுக்கு ஒரு பாடம். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளுக்குத்தான் நேரம் போகும், அந்த இரண்டு மாதமும் எனக்குத் தனியாகக் கிடைத்தது பத்துப் பதினைந்து நிமிடம்தான். பெரியவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும், கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நிலத்தில் கால் நீட்டி இருந்து வாசிப்பதால் முதல் மாதம் இடுப்பு வலி கடுமையாக இருந்தது, அதுவும் தெரிந்துகொண்டு போங்கள்.

வாத்தியம் வாங்க அவசரப்படாதீர்கள். நான் வகுப்பில் சேர்ந்த கிழமையே ஒரு கடையில் புதிது என்று சொன்னதை வாங்கினேன். இரண்டு மாதத்தில் சாதம் பெயரத் தொடங்கி, சின்னச் சின்னத் துண்டாக விழுந்து, தட்டினால் சரசரவென்று கேட்டது. கடையில் பொறுப்பெடுக்கவில்லை. கட்டை பலா, அது நல்லது, ஆனால் மூட்டு, அதாவது தோல் முகம், பழையது என்று சேர் ஒரே தட்டில் சொல்லிவிட்டார், முதலே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வலந்தலைக்குப் புது மூட்டுப் போட்ட பிறகுதான் வீட்டில் ஒழுங்காகப் பழக முடிந்தது. மழை நாளில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், நாங்கள் இருப்பது கடலுக்குப் பக்கம் என்பதால் ஈரக் காற்றுப் படாமல் உறை போட்டு வைக்கிறேன். பிளாட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் முதலே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சேருவதென்றால் பரீட்சைக் காலம் முடிந்த கையோடு சேருங்கள், அப்போதுதான் சேருக்கு உங்கள் விரலைப் பார்க்க நேரம் இருக்கும். முதல் ஆறு மாதத்துக்கு வகுப்பில் இருக்கும் மிருதங்கமே போதும், வீட்டுக்குத் தாளமும் வாயும்.