புளியமரத்தடியில் படுத்தால் என்ன ஆகும்? கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு மூலை வசதி

நத்தம் பக்கம் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். இது 19-ஆவது ஆண்டு. கூகுள் கிளாஸ்ரூமைப் பாடக்குறிப்பு ஏற்றவும் வீட்டுப்பாடம் வாங்கவும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மதிப்புரை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ‘கேள்வி’ என்று ஒரு வசதி யாரும் சீண்டாமல் மூலையில் கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளாக நான் அதை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை எழுத்தில் வாதாட விட்டிருக்கிறேன். அந்த ஒரு வசதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தேன். கேள்வி போட்ட இரண்டாவது நிமிடம் வகுப்பில் முதலிடம் வாங்கும் மாணவி பதில் போட்டுவிடுவாள். பின்னாலேயே வரிசையாக 30 கட்டைவிரல் படங்கள் வரும். அத்தோடு விவாதம் முடிந்தது. பாதிக் கைபேசிகள் அப்பாக்களுடையவை என்பதால் ஒரு நாள் மைட்டோகாண்டிரியா பற்றிய கேள்விக்குக் கீழே ஒருவர் தேங்காய் விலை கேட்டிருந்தார். யாருக்கு என்ன புரியவில்லை என்பது அந்தக் குழுவில் எனக்குக் கடைசிவரை தெரியவேயில்லை. எல்லோரும் முதலிடக்காரியின் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கிளாஸ்ரூமின் ‘கேள்வி’ அந்த ஒளிவிடத்தை அடைத்துவிடுகிறது. குறுவிடைக் கேள்வி ஒன்றை இட்டு, மாணவர்கள் ஒருவருக்கொருவர் மறுமொழி எழுதலாம் என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஒரு மாணவர் தன் பதிலைக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களின் பதில்கள் அவருக்குத் தெரியும். கட்டணம் இல்லை. 2014-இல் வந்தபோது பள்ளிக்கென்று தனிக் கணக்கு வேண்டியிருந்தது. 2017 முதல் சாதாரண ஜிமெயில் கணக்கே போதும். எங்கள் பள்ளி போன்ற இடங்களுக்கு அது பெரிய விஷயம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதே இடத்தில் ‘மாணவர் பதிலைத் திருத்தலாம்’ என்று இன்னோர் அமைப்பும் உண்டு. நல்லதுதானே என்று அதையும் நான் இயக்கி வைத்தேன். முதல் வாரம் 7 பேர் பதிலாக ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். வெறும் முற்றுப்புள்ளி. அதை அனுப்பினால் கதவு திறக்கும். உள்ளே போய் எல்லோருடைய பதிலையும் படித்துவிட்டு, திரும்பி வந்து புள்ளியை அழித்து அழகாக நான்கு வரி எழுதிவிடலாம். 16 வயதுப் பிள்ளைகள் எந்தப் பூட்டையும் ஒரு ராத்திரிக்குள் திறந்துவிடுவார்கள். திருத்தும் உரிமையை நிறுத்திவிட்டேன். புள்ளி வைத்தவர்களுக்குப் புள்ளிதான் பதில் என்றேன். அடுத்த கேள்விக்குள் திருந்திவிட்டார்கள்.

என் முதல் கேள்வியே படுதோல்வி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?’ என்று கேட்டேன். 22 பதில்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்தன. பாடநூலில் இருப்பதைக் கேட்டால் பாடநூல்தான் திரும்பி வரும். வாதாட அங்கே என்ன இருக்கிறது? குற்றம் செயலியுடையதன்று, என்னுடையது.

அடுத்த திங்கட்கிழமை மாலை 7 மணிக்கு இதைப் போட்டேன்: ‘புளியமரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏன்? நீங்கள் அதை நம்புகிறீர்களா?’

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். சாலையின் இரு பக்கமும் புளியமரம். நத்தம் புளிக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. பருவத்தில் வீட்டுத் திண்ணை தோறும் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கேள்விக்கு எவரும் இணையத்தில் தேட வேண்டியதில்லை, பாட்டியைக் கேட்டால் போதும்.

வகுப்பில் 46 பேர். மாலையில் கைபேசி கிடைக்கிற 37 பேரும் பதில் எழுதினார்கள். 26 பேர், ‘பேய் என்பது மூடநம்பிக்கை, உண்மைக் காரணம், மரம் இரவில் கரியமில வாயுவை விடுவதால் மூச்சுத் திணறும்’ என்று எழுதியிருந்தார்கள். இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். நம் ஊரில் அறிவியல் பேசுகிற எல்லோரும் சொல்லும் விளக்கம் இது. நான் படித்த காலத்தில் என் ஆசிரியரும் இதைத்தான் சொன்னார். 4 பேர் பேய்க்கே வாக்களித்தார்கள். பாம்பு, பூரான் என்று 3 பேர். இருட்டில் பயம் என்று 3 பேர்.

மிச்சம் ஒரு பதில். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்கிற பையன். அவன் பதில் விடியற்காலை 4.50-க்கு வந்திருந்தது: ‘எங்கள் அப்பா 6 மரம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மாசி, பங்குனி இரண்டு மாதமும் புலியமரத்தடியில்தான் காவலுக்குப் படுப்பார். சனி, ஞாயிறு நானும் படுப்பேன். காலையில் எழுந்து டீ குடிக்கிறோம்.’

‘புலியமரம்’ என்றே எழுதியிருந்தான். முதல் மறுமொழி எதிர்பார்த்ததுதான்: ‘புலி இருக்கிற மரத்தடியில் படுத்தால் ஆபத்துதான்.’ அதை நீக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டு, எல்லை மீறுகிறவரைப் பேச முடியாமல் நிறுத்திவைக்கவும் வழி உண்டு. அதற்குள் அவனே எழுதிவிட்டான்: ‘புலியும் எங்களை ஒன்றும் செய்யவில்லை.’ நான் கையை எடுத்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு நாள் நடந்ததைத்தான் வகுப்பறையில் 45 நிமிடத்துக்குள் என்னால் ஒருபோதும் நடத்திக்காட்ட முடிந்ததில்லை. இரண்டு மாதம் மரத்தடியில் படுத்த ஓர் ஆள் நலமாக இருக்கிறார். அப்படியானால் 26 பேரின் விளக்கம் என்ன ஆகும்? சிலர் விட்டுக்கொடுக்கவில்லை: ‘அவர் பழகியிருப்பார்.’ ஒரு மாணவி கணக்குப் போட்டாள். வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது 100 மடங்கு. ‘மரத்துக்குப் பயந்தால் பக்கத்தில் படுக்கும் தம்பிக்கு அதைவிடப் பயப்பட வேண்டும்’ என்று முடித்திருந்தாள். இன்னொருவன் திறந்தவெளியில் காற்று ஓரிடத்தில் நிற்காது என்றான். மரம் பகலிலும்தான் சுவாசிக்கிறது, ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். செவ்வாய் இரவு 9 மணிக்கு முதலிடக்காரி சொன்னாள். இந்த முறை அவளுக்கு 16 பேர் எதிர்க்கேள்வி போட்டார்கள்.

அங்கிருந்து பேச்சு அரசமரத்துக்குத் தாவியது. அரசமரமும் கற்றாழையும் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று கைபேசியில் சுற்றும் செய்தி ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்து வைத்தான். பாடநூலில் கிரேசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் என்று நாக்கைச் சுளுக்கும் பெயரில் ஒரு பகுதி உண்டு. 18 ஆண்டுகளாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துதான் நான் பார்த்திருக்கிறேன். முதன்முறையாக ஒரு தேவைக்காக அதைப் புரட்டினார்கள். கற்றாழை இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. ஆனால் ஆக்சிஜன் வருவது நீர் பிளவுறும்போது, அதற்கு ஒளி வேண்டும். ஆகவே ராத்திரி கற்றாழை கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தச் செய்தியை அனுப்பிய பெரியப்பாவுக்கு இதைத் திருப்பி அனுப்பலாமா என்று பையன் கேட்டான். அது குடும்ப விவகாரம் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டேன். தாவரம் ஒளியில்தான் காற்றைச் சீராக்குகிறது என்று 1779-இல் காட்டிய டச்சு விஞ்ஞானி இங்கன்ஹவுஸ், நிழலிலும் இரவிலும் அது காற்றைக் கெடுக்கும் என்றும் சேர்த்தே எழுதினார் என்று கேள்விக்குக் கீழே ஒரு குறிப்புப் போட்டேன். 26 பேரும் தனியாக இல்லை என்று அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே. சரிதான், ஆனால் எவ்வளவு என்பதுதானே கேள்வி.

பதில் பெட்டியில் எழுத்து மட்டும்தான் போகும், படம் ஒட்ட முடியாது. முதலில் குறையாகத்தான் பட்டது. பிறகு ஒரு மாணவி இரவு 7.30-க்கு டார்ச் விளக்கோடு வீட்டுக்கு எதிரே இருக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள்: ‘சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கைகூப்பியதுபோல் மடிந்திருக்கின்றன. நுனி இலை முழுதாக மூடவில்லை. தொட்டாற்சிணுங்கி மாதிரித் தொட்டதால் மூடியதல்ல, நான் தொடவே இல்லை.’ இலைகள் இரவில் மடியும் இந்த உறக்க அசைவைப் பற்றி இதைவிடத் துல்லியமான விடையை நான் பொதுத்தேர்வுத் தாளில் திருத்தியதில்லை. படம் அனுப்ப முடிந்திருந்தால் எடுத்து அனுப்பிவிட்டுப் படுத்திருப்பாள்.

அதற்குப் பின் போட்ட கேள்விகளில் நன்றாக ஓடியது 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்டின் வில்லோ மரம். சுமார் 90 கிலோ மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்தது 60 கிராமுக்கும் கீழே. எடை எங்கிருந்து வந்தது? அவர் தண்ணீர் என்றார், என் பிள்ளைகள் ‘மண்’ என்றார்கள், காற்று என்று சொன்னது 5 பேர். எடையற்றது என்று நினைக்கிற காற்று மரக்கட்டை ஆவதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. நமக்கெல்லாம் எவ்வளவு காலம் ஆனதோ.

இது ஒத்துவராத இடமும் உண்டு. பிளஸ் டூவில் மனித இனப்பெருக்கப் பாடம். கிளாஸ்ரூமில் எந்தப் பதிலும் பெயரோடுதான் நிற்கும். பெயரோடு யார் கேட்பார்கள்? ஆசிரியருக்கு மட்டும் தெரியும் தனிக்குறிப்பு வசதியில் இரண்டு மாணவிகள் கேட்டார்கள். மாணவர்கள் ஒருவரும் வரவில்லை. அந்தப் பாடத்துக்கு நான் பழைய அட்டைப்பெட்டிக்கே திரும்பிவிட்டேன். பெயரில்லாத துண்டுச்சீட்டு, மேலே ஒரு துளை. ஒரு வாரத்தில் 41 கேள்விகள் விழுந்தன.

கைபேசி கிடைக்காத அந்த 9 பேர்தான் என் பெரிய கவலை. அவர்களில் 6 பேர் பெண்கள். வீட்டில் கைபேசி இல்லாமலில்லை, அது அண்ணன் கையில் இருக்கிறது. அவர்கள் காலையில் தாளில் எழுதித் தருகிறார்கள், நான் இடைவேளையில் என் கணக்கிலிருந்து ‘தாளில் வந்த பதில்’ என்று தட்டச்சு செய்து போடுகிறேன். சுற்றி வளைத்த வேலைதான். அவர்களுக்கு வந்த மறுமொழிகளையும் நானே வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறுகிறவர்கள் குரலில் சொல்லி எழுதவைக்கிறார்கள். ஒருவன், இலையின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தட்டையான சவ்வுப்பையின் பெயரை, ‘தைலகாய்டு’ என்று மூன்று முறை சொல்லியும் அவன் கைபேசி மூன்று முறையும் ‘தைலம்’ என்றே எழுதியது. பசுங்கணிகத்துக்குள் தைலம் இருப்பதாக அந்தப் பதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆசிரியருக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு மாலை, மாலைக்கு 40 நிமிடம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் நானும் தாங்க மாட்டேன், அவர்களும் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். மதிப்பெண் போடாதீர்கள், ஒரு முறை போட்டுப் பார்த்தேன், பாடநூல் வரிகள் மறுபடியும் வந்து நின்றன. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயர் விவகாரத்துக்காக. ஒன்று, தாளில் எழுதும் அந்த 9 பேருக்காக.

புளியமரக் கேள்வி இன்னும் முடியவில்லை. மரத்தடியில் புல் முளைக்காததற்குக் காரணம் நிழலா, உதிர்ந்த இலையா என்று சண்டை வந்து, மூன்று பேர் மரத்தடி மண்ணை ஒரு தொட்டியிலும் வயல் மண்ணை இன்னொரு தொட்டியிலும் எடுத்துப் பாசிப்பயறு விதைத்தார்கள். நான்காம் நாள் இரண்டிலும் முளை வந்தது. ஐந்தாம் நாள் கோழி வந்து மரத்தடி மண் தொட்டியை மட்டும் கிளறிவிட்டது. அது ஏன் அந்தத் தொட்டியை மட்டும் கிளறியது என்பதற்கு இதுவரை 14 மறுமொழிகள்.