பிடிஎஃப்பை வேர்டில் திறப்பதா, ஓசிஆர் செய்வதா?

பிடிஎஃப் கோப்பைத் திருத்தக்கூடிய உரையாக மாற்ற இரண்டு வழி: வேர்டில் திறப்பது, அல்லது ஓசிஆர் (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கும் முறை).

வடிவம்: வேர்டில் (2013 பதிப்பு முதல்) நேரடியாகத் திறந்தால் அட்டவணை ஓரளவு தப்பும். ஓசிஆரில் பெரும்பாலும் கலைந்துவிடும்.

எழுத்து: தமிழில் வேர்ட் திணறுவது இங்கேதான். பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால் 'கொடு' பல நேரம் 'ெகாடு' என்று வந்து நிற்கும். யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துரு என்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். ஓசிஆர் படமாகப் பார்த்துப் படிப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 'ர'வும் துணைக்காலும் (ா) ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வந்துவிடும், மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

வரி உடைவு: இரண்டிலும் வரும். 'கண்டுபிடி, மாற்று' வசதியில் பத்திக் குறியை இடைவெளியாக்கினால் சரி. அதற்கு முன் உண்மையான பத்தி முடிவுகளில் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். நான் மறந்து, முழுக் கட்டுரையும் ஒரே பத்தியானது.

அட்டவணை நிறைந்த ஆங்கிலக் கோப்புக்கு வேர்ட். தமிழ்க் கட்டுரையோ ஸ்கேன் செய்த பக்கமோ, யோசிக்காமல் ஓசிஆர்.