கரண்ட் போனால் மீன் தொட்டிக்கு எது கைகொடுக்கும்?

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கொழும்பில் மீன் வளர்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி: கரண்ட் போனால் எயார் பம்பும் ஃபில்டரும் நிற்கும், தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மீன் மூச்சுக்குத் திணறும். அட்டவணை போட்டு வெட்டினால் நாமும் ஆயத்தமாக இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் ஆபத்து. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்று சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த மாதிரி. அன்று ஞாயிற்றுக்கிழமை, பலர் வீட்டில் இருந்தார்கள். இதே விஷயம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தால்? புருஷன் பெண்சாதி இருவரும் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தொட்டி மட்டும் தனியாக. அதனால் எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதல்ல. ஆள் இல்லாவிட்டாலும் தானாக ஓடத் தொடங்குமா என்பதுதான்.

இணையத்தில் தேடினால் தொட்டியைப் போர்வையால் சுற்றுங்கள் என்று வரும். அது குளிர்நாட்டு யோசனை, இங்கே வேண்டாம். நமக்குப் பிரச்சினை குளிர் இல்லை, சூடு. 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் அதிகபட்சம் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். நம் வீட்டுத் தொட்டிபோல் 30 பாகைக்குக் கிட்ட வந்தால் ஏழரைதான். போதாக்குறைக்குச் சூட்டில் மீனுக்கு மூச்சும் கூட வேண்டும். ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் இந்தக் கவலை பெரிதாக இல்லை, மேலே வந்து காற்றையே குடித்துக்கொள்ளும். கோல்ட் ஃபிஷ், ஒஸ்கார், நெருக்கிப் போட்ட தொட்டி, அகலம் குறைந்த உயரத் தொட்டி, இவைதான் முதலில் மாட்டும்.

டோர்ச்சுக்குப் போடும் பெரிய பற்றரி இரண்டில் ஓடும் பழைய பம்ப் மலிவு, குமிழியும் நன்றாக விடும். ஆனால் லாச்சிக்குள் கிடக்கும் சாமான் அது. கடற்கரைப் பக்கம் வீடென்றால் இன்னும் மோசம்: பற்றரியைப் போட்டே வைத்திருந்தால் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், தேவையான அன்று சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டும். கழற்றி வைத்தால் பற்றரியைத் தேட வேண்டும்.

இதற்குப் பதில் யூஎஸ்பி பம்பும் பவர் பேங்கும். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதில் உள்ளே இருப்பது 37 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு மாறும்போது வீணாவதைக் கழித்து 25 என்று வைத்தாலும், ஒரு வாட் பம்ப் ஓர் இரவு முழுக்க ஓடி மிச்சமும் இருக்கும். ஓடும் நேரத்தில் பற்றரிப் பம்புக்கு இது சளைத்ததல்ல, சத்தமும் குறைவு. குறை எங்கே என்றால், பல பவர் பேங்குகள் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் ஃபோன் சார்ஜாகி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். வாங்கிய அன்றே பம்பை மாட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சரி, ஓடுகிறது என்றாலும் மாட்ட ஆள் வேண்டுமே.

இந்த இடத்தில்தான் ரௌட்டருக்கு வைக்கும் குட்டி யூபிஎஸ் முந்துகிறது. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த அந்தச் சின்னப் பெட்டிதான். 9 வோல்ட், 12 வோல்ட் ஓட்டைகளோடு பலவற்றில் 5 வோல்ட் யூஎஸ்பி ஓட்டையும் உண்டு. யூஎஸ்பி பம்பை அதில் நிரந்தரமாக மாட்டிவிட்டால் எந்நேரமும் ஓடும். கரண்ட் போனதே அதற்குத் தெரியாது. ரௌட்டரும் அதே பெட்டியில் இருந்தால் சார்ஜை முக்கால்வாசி அதுதான் குடிக்கும். வைஃபையா மீனா என்று பிள்ளைகளிடம் ஓட்டெடுக்காதீர்கள், மீன் தோற்றுவிடும். தொட்டிக்கென்று தனியாக ஒன்று வாங்குவது நல்லது. இந்த மாதிரிச் சாமான்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். உள்ளேயே பற்றரி வைத்து, கரண்ட் போனதும் தானாக மாறும் எயார் பம்ப்களும் இருக்கின்றன. கையில் காசிருந்தால் அது இன்னும் சுலபம்.

எதை மாட்டினாலும் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வ் போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து, பம்பையும் பிளக்கையும் நனைக்கும். சின்னப் பம்ப் ஆழத்தில் திணறினால் குழாய் நுனியில் குமிழி விடும் எயார் ஸ்டோனைப் பாதி உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

கம்பியூட்டர் யூபிஎஸ் பெரிதாகத் தெரிந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே வழக்கமாக 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி, அதாவது 84 வாட் மணி. பவர் பேங்கைவிட இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் 12ஐ 230 ஆக்குவதற்கே அது பம்பைவிட அதிகம் தின்றுவிடும். மேலதிகமாகக் கீச்சுக்கீச்சென்ற சத்தம் வேறு. வீட்டுக்கு இன்வேர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் அது வேறு கதை: 100 ஆம்பியர் மணி பற்றரி ஒன்றில் 20 வாட் ஃபில்டரும் பம்பும் நாள் முழுக்க ஓடும். தொட்டி லைட்டை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். மீனுக்காகவே இன்வேர்ட்டர் வாங்குவது நான்கடித் தொட்டியும் விலை கூடிய மீன்களும் வைத்திருப்பவர்களுக்குத்தான் நியாயம். தொடர்மாடி ஜெனரேட்டரை நம்புகிறவர்கள், அது வீட்டு பிளக்குக்கும் வருகிறதா, லிஃப்டோடு நின்றுவிடுகிறதா என்று முதலில் கேட்டு வையுங்கள்.

ஒன்றும் இல்லாவிட்டால் கோப்பைதான். தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஐந்து நிமிடம்; இருபது நிமிடம் கழித்துத் திரும்பவும். இரண்டடித் தொட்டிக்கு நன்றாகவே வேலை செய்யும். இரவு இரண்டு மணிக்கு யார் எழும்புவது? அந்நேரம் செடிகளும் ஒட்சிசனை எடுக்கும். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும். மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றும் மோட்டரும் நின்றிருக்கும் என்பதால் அதையும் அதிகம் நம்ப முடியாது. முதல் நாளே பிடித்து வைத்த வாளித் தண்ணீர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அளவு கொஞ்சம் கூடினால் செவுள் வெந்துவிடும், வீட்டில் வேண்டாம்.

எந்த வழியானாலும் கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள், மூடியைத் திறந்து வையுங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் கெனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடக்கூடாது. மூடிய டப்பாவுக்குள் ஒட்சிசன் தீர்ந்து நல்ல பக்டீரியா செத்து அழுகத் தொடங்கியிருக்கும். அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள்தான் வரும். பிளக்கைக் கழற்றி, உள்ளிருப்பதைக் கொட்டி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் போடுங்கள்.