பெயின்ட் மினுங்குது எண்டு பைபர் போட்டை நம்பாதீங்க

மட்டக்களப்புப் பக்கம் பழைய பைபர் போட் திருத்தக் குடுக்க இரிக்கிற ஆக்கள் இத ஒருக்கா வாசிங்க. வேல செஞ்சவர்ட பேர் போட மாட்டன், இன்பொக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க, ஆனா என்ன செஞ்சாரு எண்டத முழுசா எழுதுறன்.

போட் எங்கட மாமாட. 19 அடி, சுனாமிக்குப் பிறகு 2005ல குடுத்ததுகள்ல ஒண்டு. அந்த நேரம் அவசரத்துல செஞ்சு தள்ளினதுல கன போட் மெல்லிசு எண்டு கடற்கரையில ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. கொஞ்ச வருசமா கல்லடியில கவுந்து கிடந்தத மறுகா இறக்குவம் எண்டு மாமா ஆசப்பட்டாரு. அடியில கொப்புளம், அணியத்துல, அதாவது முன்பக்கத்துல வெடிப்பு, இஞ்சின் மாட்டுற பின்பலகை கொஞ்சம் உப்பி இரிந்தது. பாக்க வந்தவர் ஒரு இடத்தயும் தட்டிப் பாக்கல்ல, "சின்ன வேல அண்ணன், புதுசாத் தருவன்" எண்டு அரைவாசிக் காச வாங்கிட்டாரு. ரெசின் (பைபர ஒட்டி இறுக்கிற பசை), மேட் (பைபர் நார் விரிப்பு) வாங்கின பில்லக் கேட்டா மூஞ்சி மாறிரும்.

வேல செஞ்சது மாரி மழைக்குள்ள, ஒரு தறப்பாளுக்குக் கீழ. ஈரத்துல ரெசின் ஒழுங்கா இறுகாது, ஒட்டவும் மாட்டுது. அவருக்கு அது தெரியாம இரிக்காது.

மழை முடிஞ்சு கடல் அடங்கினதும் இறக்கினம். நீலமும் வெள்ளையும், பாக்க நல்ல வடிவு. இஞ்சினக் கொஞ்சம் கூட்டிப் புடிக்க பின்பலகை ஆடத் தொடங்கிட்டு, அடியால தண்ணி வருது, மாமாவும் மச்சானும் அள்ளி ஊத்திக்கிட்டே கரைக்கு வந்து சேந்தாங்க. கரை கிட்ட இரிந்ததால தப்பிட்டாங்க, ஆழத்துல எண்டா நினைச்சும் பாக்க ஏலாது.

பாலமீன்மட்டுல பைபர் வேல தெரிஞ்ச ஒரு பெரியவரக் கூட்டி வந்து காட்டினம். அவர் உளிய வெச்சுக் கிளப்ப, போட்ட பேட்ச் பிலாஸ்டர் மாதிரி முழுசாக் கழண்டு வருது, பின்பக்கத்துல பழைய பெயின்ட் அப்பிடியே ஒட்டி இரிக்கி! அதாவது கிரைண்டரே புடிக்கல்ல, பெயின்ட்டுக்கு மேலயே மேட்ட ஒட்டி இரிக்காரு. கொப்புளங்கள உடைக்காம மேலால காருக்குப் பூசுற பட்டி. அந்தப் பட்டி தண்ணி குடிக்கும், தண்ணிக்குள்ள கிடக்கிற இடத்துக்கு அது சரிவராது. பின்பலகையில சின்னதா ஒரு துளை போட்டா மண்ணிறத்துல சொதசொதத்த மரத்தூள் வருது. உள்ளுக்கு பிளைவூட் முழுக்க உக்கிப் போய் இரிக்க, வெளிய ஒரு படை பைபர் சுத்தி மூடி இரிக்காரு. அங்கதான் இஞ்சின்ட முழுப் பாரமும் தள்ளும்.

பெரியவர் சொன்ன முறை வேற. முதல்ல சுத்தியல் புடியாலயோ காசாலயோ அடி முழுக்கத் தட்டணும், நல்ல இடம் கணீர் எண்டும், படை விட்ட இடம் பொத்துப் பொத்தெண்டு கேக்கும். கொப்புளத்தக் குத்தினா புளிச்ச வினாகிரி மணத்தோட தண்ணி வந்தா அத முழுசாத் திறந்து, நல்ல தண்ணியால திரும்பத் திரும்பக் கழுவிக் காய விடணும், இதுக்கு மாசக்கணக்கும் போகும், அவசரப்பட ஏலாது. ஓட்டை எண்டா சுத்திவரச் சரிவாக் கிரைண்ட் பண்ணணும், தடிப்புக்கு 12 மடங்கு, 6 மில்லிமீட்டர் எண்டா கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். அசிட்டோனால துடைச்சுப்போட்டுத்தான் மேட். ரெசின் இறுகக் கலக்கிற ஹார்ட்னர் நூத்துக்கு 1, 2 அவ்வளவுதான், கெதியா இறுகட்டும் எண்டு கூட ஊத்தினா சூடாகி வெடிப்பு விழும். பின்பலகை உக்கினா வெட்டி எடுத்துப் புது மரம் வைக்கிறதுதான் வழி.

காசத் திருப்பிக் கேட்டதுக்கு "நீங்க கல்லுல இழுத்திருப்பீங்க" எண்டாரு. கழட்டின பேட்ச்சக் கொண்டுபோய்க் காட்டினம், அதுக்குப் பிறகு போன் எடுக்கிறல்ல. கையில பில் இல்லாததால பொலிசுக்குப் போயும் பெரிசா ஒண்டும் நடக்கல்ல.

ஆருக்கு வேல குடுத்தாலும், கிரைண்ட் பண்ணி முடிஞ்சதும் மேட் போட முதல் ஒருக்கா, மேட் போட்டு பெயின்ட் அடிக்க முதல் ஒருக்கா வந்து பாப்பன் எண்டு பேசிக்கிட்டு, அதுக்கேத்த மாதிரித்தான் காசக் குடுங்க. இப்ப அந்த ஆள்ட வளவுல வேற ரெண்டு போட் பட்டி பூசிக் காயுது, ஒண்டு விக்கப் போறாராம். கல்முனைப் பக்கத்து ஆக்கள் விலை கேட்டு வந்ததாக் கேள்வி. தெரிஞ்ச ஆக்கள் இரிந்தா, காசு குடுக்க முதல் பின்பலகையில ஒரு துளை போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அதுக்கு அவர் விடல்ல எண்டா அப்பிடியே திரும்பி வரச் சொல்லுங்க.