ஃபார்சைட்: எரிந்த பரப்பு பொருந்தினால் போதுமா?

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று தொடங்கினால் இலங்கையின் கிழக்கே கல்லோயாப் பக்கத்து இலுக்குப் புல்லும் மானாப் புல்லும் காய்ந்துபோய் ஒரு பொறிக்கே பற்றிவிடும். அந்தத் தீ எங்கே, எவ்வளவு நேரத்தில் போகும் என்று கணிக்க நினைப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது ஃபார்சைட் என்ற மென்பொருள். அமெரிக்க வனச் சேவையின் மிசூலா ஆய்வுகூடத்தில் மார்க் ஃபின்னி உருவாக்கியது, இப்போது ஃப்ளாம்மேப் என்ற இன்னொரு தீக்கணிப்பு மென்பொருளுக்குள்ளேயே வருகிறது, இலவசம், விண்டோஸ் கணினி போதும்.

கணக்கு வேகமாக ஓடுகிறது, சரிவில் தீ ஏறுவதை நன்றாகவே காட்டுகிறது. சிக்கல் புல்லில்தான். எங்கே எந்தப் புல், புதர் எரியக் கிடக்கிறது என்று காட்டும் எரிபொருள் வரைபடம் அமெரிக்கர்களுக்குத் தயாராக இருக்கிறது, நாம்தான் 2005இல் வந்த 40 எரிபொருள் வகைகளிலிருந்து பொருந்துவதைத் தேட வேண்டும். உலர்வலயப் புல் என்று தெரிவு செய்தால் காய்ந்த புல்லின் ஈரம் 15 வீதத்தைத் தாண்டியதும் தீ அணைந்துவிடும், ஈரவலயப் புல் என்றால் சில வகைகளில் 40 வீதம்வரை எரியும். ஒரே புல்வெளி, இரண்டு முடிவு!

அப்புறம் துல்லியம். கணித்த பரப்பும் எரிந்த பரப்பும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று 0 முதல் 1 வரை சொல்லும் சோரன்சன் எண்ணைப் பலரும் காட்டி ‘பொருந்துகிறது’ என்கிறார்கள். உண்மையில் எரிந்தது 100 ஹெக்டேயர், மென்பொருள் காட்டியது 140, பொதுவானது 90 என்று வையுங்கள்: சோரன்சன் 0.75, அதே படத்துக்கு ஜக்கார்ட் என்ற இன்னொரு பொருத்த எண் 0.6. அதைவிடப் பெரிய விஷயம், தீ குளக்கட்டிலோ றோட்டிலோ போய் நின்றிருந்தால் வேகத்தைத் தப்பாகக் கணித்த மென்பொருளும் கடைசியில் அதே எல்லைக்குத்தான் வந்து நிற்கும், எண்ணும் அழகாக வரும். மாட்டுப் பட்டிக்காரருக்கு வேண்டியது தீ வந்துசேரும் நேரம். அதைச் சரிபார்க்க நம்மிடம் பெரும்பாலும் இருப்பது செய்மதிகளில் உள்ள வியர்ஸ் என்ற உணரி, 375 மீற்றர் புள்ளிகள், ஒவ்வொரு செய்மதியும் நண்பகல் தாண்டி ஒருமுறை, நள்ளிரவு தாண்டி ஒருமுறை. இடையில் ஓடிய தீ அதில் இல்லை.

பரவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெருக்கெண் தருகிறார்கள். ஒரு தீக்குப் பொருந்தும்வரை அதைத் திருகிவிட்டு அதே தீயையே சான்றாகக் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வேறொரு தீயில் ஓட்டிக் காட்டுங்கள். காற்றும் அப்படித்தான். மட்டக்களப்புக் கரையில் பின்னேரம் கடற்காற்று வீசும்போது உள்நாட்டில் இங்கினியாகலைப் பக்கம் கச்சான் அடித்துக்கொண்டிருக்கலாம், கரையோர அளவீட்டை உள்நாட்டுத் தீக்குக் கொடுத்தால் திசையே மாறிப்போகும்.

தீத்தடுப்புப் பாதை எங்கே வெட்டலாம் என்று கோடைக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்க இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எரியும்போது மாடுகளை எத்தனை மணிக்கு ஓட்டுவது என்று யாராவது கேட்டால், நம் புல்வெளியில் சரிபார்த்த நேரக்கணக்கு வரும்வரை தயவுசெய்து இதை வைத்துப் பதில் சொல்லாதீர்கள்.